கடுகு வாயுவும் பழ ஈயும்: சார்லொட்டே அவுவர்பாக் அம்மையாரின் வாழ்வு

ரைன் நதியின் இடது கரைப் பக்கத்தில், டுசில்டோர்வ் நகருக்கு அணித்தாய் அமைந்துள்ள கிறேபெல்ட் நகரம் பட்டுக்கும் வெல்வெட்டுக்கும் நெடுங்காலமாகப் பேர்பெற்றது. அந்நகரில் 1899ஆம் ஆண்டு மே மாதம் 14ஆம் திகதி ஒரு யூதக் குடும்பத்தின் ஒரே மகவாகப் பிறந்தவர் சார்லொட்டே அவுவர்பாக். தாம் பிறந்த நாட்டினாலே துரத்தப்பட்டு, அயல்மொழி பேசும் ஊரில் மிகச் சொற்ப வேதனத்துக்கு ஆய்வுகூடப் பணி செய்து, அங்கிருந்தே பிறப்புரிமையியலின் போக்கைத் திருப்பியவர் இவர். இரசாயனப் பொருள்கள் உயிரினங்களின் பரம்பரை அலகுகளை மாற்றிவிட வல்லவை என்பதை ஐயத்துக்கிடமின்றி நிறுவியோருள் முதல்வரிசையில் இவர் பெயர் நிற்கிறது.

பிறப்புரிமையியல் என்பது நம் நாட்டுப் பாடநூல்கள் வழங்கிய பெயர். தமிழகத்தில் மரபியல் என்பர். பெற்றோரின் இயல்புகள் பிள்ளைகளை எவ்வாறு சென்றடைகின்றன, எவை சென்றடைவதில்லை என்பதே அதன் வினா. இந்நாட்டில் வளரும் நம் பிள்ளைகள் கிம்னாசியத்திலோ றியால் பாடசாலையிலோ இதனை ஜேர்மன் மொழியிற் படிக்கிறார்கள். வீட்டிலே பெற்றோரிடம் வந்து கேட்கும்போது தமிழிற் சொல்லிக்கொடுக்க நமக்குச் சொற்கள் அகப்படுவதில்லை. ஆகவே இவ்வம்மையாரின் வாழ்வைச் சொல்லுமிடத்தே அவ்விஞ்ஞானத்தின் அடிப்படைகளையும் சேர்த்தே சொல்லிச் செல்வது பயன் தரும்.

அறிவுப் பரம்பரை

அவுவர்பாக் குடும்பம் விஞ்ஞானிகள் நிறைந்த குடும்பம். பாட்டனார் லெயோபோல்ட் அவுவர்பாக் பிறெஸ்லவ் நகரில் வாழ்ந்த உடலமைப்பியல் அறிஞர். குடற்சுவரின் தசைப் படைகளுக்கிடையே கிடக்கும் நரம்புப் பின்னலை விவரித்தவர் அவரே. மருத்துவ மாணவர்கள் இன்றும் அதனை அவர் பெயராலேயே குறிப்பிடுகின்றனர். தந்தையார் பிரீட்ரிக் இரசாயனவியலாளர். பெரிய தந்தை முறையினரான பெலிக்ஸ் அவுவர்பாக் ஜேனா பல்கலைக்கழகத்திற் பௌதிகவியற் பேராசிரியராயிருந்தவர்.

இவ்வாறான குடும்பத்திற் பிறந்தமையால் அறிவு இரத்தத்திலேயே ஊறியிருந்தது என்று நாம் எளிதிற் சொல்லிவிடுவோம். அப்படிச் சொல்வது விஞ்ஞானத்துக்கு ஒவ்வாது என்பதைப் பின்னர்க் காண்போம்.

ஒரு மணி நேரப் பாடம்

குடும்பம் பேர்லினுக்குக் குடிபெயர்ந்தபின் சார்லொட்டே அங்கேயே பாடசாலைக் கல்வி பயின்றார். ஒருநாள், வழமையான பாடத்திட்டத்துக்குப் புறம்பாக ஒரு மணி நேரம், ஆசிரியர் கலப்பிரிவைப் பற்றியும் நிறமூர்த்தங்களைப் பற்றியும் எடுத்துரைத்தார். அப்பாடம் சிறுமியின் உள்ளத்தை ஆழமாகத் தைத்தது. தம் வாழ்நாளின் பேரனுபவங்களில் ஒன்றாக அதனை அவர் பிற்காலத்திற் குறிப்பிட்டதுண்டு.

அந்த ஒரு மணி நேரத்திற் சொல்லப்பட்டிருக்கக் கூடியது இதுதான். உயிருள்ள ஒவ்வொரு கலத்தின் கருவினுள்ளும் நூலிழை போன்ற நிறமூர்த்தங்கள் உள்ளன. சாயமூட்டினால் நன்கு நிறமேற்று நுணுக்குக்காட்டியிற் தெரிவதால் இப்பெயர் பெற்றன. ஒரு கலம் இரண்டாகப் பிரியுமுன் ஒவ்வொரு நிறமூர்த்தமும் தன்னைத் தானே படியெடுத்துக்கொள்கிறது. பின்னர் அப்படிகள் இரண்டும் எதிர்த் திசைகளில் விலகிச் சென்று இரு புதிய கலங்களுக்கும் ஒவ்வொன்றாய்ச் சேர்கின்றன. இவ்வாறு ஒரேயொரு கருக்கட்டிய சூலிலிருந்து வளர்ந்த உடலின் கோடானுகோடிக் கலங்களிலும் அதே தொகுதி இருக்கக் காண்கிறோம். மனிதரில் அவை 46. ஆயின் இவை 23 சோடிகளாய் அமைந்தவை. ஒவ்வொரு சோடியிலும் ஒன்று தாய் தந்தது, மற்றையது தந்தை தந்தது. சூலும் விந்தும் உருவாகும்போது மாத்திரம் சோடிகள் பிரிந்து, ஒவ்வொன்றுக்கும் 23 வீதமே செல்லுகின்றன. இரண்டும் கூடும்போது மறுபடியும் 46.

இந்நிறமூர்த்தங்களில் வரிசையாக அமைந்தவையே பரம்பரை அலகுகள். தமிழகத்தில் மரபணு என்கின்றனர். அலகுகளும் நிறமூர்த்தங்களைப் போன்றே சோடியாக உள்ளன. ஒவ்வோர் அலகிலும் ஒரு படி தாய்வழி, ஒரு படி தந்தைவழி.

கிரகோர் மெண்டல் என்ற துறவி புறூண் நகரத்து மடாலயத் தோட்டத்திற் பட்டாணிச் செடிகளை வளர்த்து 1866இல் வெளியிட்ட ஆய்வு முப்பத்து நான்கு ஆண்டுகள் கவனிப்பாரின்றிக் கிடந்தது. உருண்டை விதைச் செடியையும் சுருங்கிய விதைச் செடியையும் அவர் கலந்தபோது முதற் தலைமுறையில் எல்லா விதைகளும் உருண்டையாகவே அமைந்தன. சுருக்கம் அழிந்துபோயிற்று என்றே எவரும் நினைப்பர். அவ்விதைகளை முளைக்கவிட்டுத் தன்மகரந்தச் சேர்க்கைக்கு உட்படுத்தியபோது அடுத்த தலைமுறையில் 5474 உருண்டை விதைகளும் 1850 சுருங்கிய விதைகளும் கிடைத்தன. ஏறத்தாழ மூன்றுக்கு ஒன்று. மறைந்திருந்தது மீண்டும் வெளிப்பட்டது. உருண்டையைத் தரும் அலகு ஆட்சியுடையது. சுருக்கத்தைத் தரும் அலகு பின்னிடைவானது. பின்னிடைவான அலகு ஆட்சியுடைய அலகின் பக்கத்தில் இருக்கும்போது தன்னைக் காட்டிக்கொள்வதில்லை. ஆனால் கலந்து கரைந்துவிடுவதுமில்லை. தனிப்பொருளாகவே இருந்து அடுத்த தலைமுறைக்குச் செல்லும்.

1900ஆம் ஆண்டில் இவ்வாய்வை மீளக் கண்டறிந்து உலகறியச் செய்த மூவருள் ஒருவர் ஜேர்மனியரான கார்ல் கொறென்ஸ். அவரே பின்னர்ப் பேர்லின் டாலெம் பகுதியில் அமைந்த கைசர் வில்ஹெல்ம் உயிரியல் நிறுவகத்தின் பணிப்பாளரானார். அந்நிறுவகத்தின் வாயிலுக்குள் சார்லொட்டேயும் ஒருநாள் நுழைந்தார்.

ஆசிரியப் பணி

பேர்லின், வூர்ஸ்பேர்க், பிறைபூர்க் பல்கலைக்கழகங்களில் உயிரியலும் இரசாயனவியலும் பௌதிகவியலும் கற்று, 1924இல் ஆசிரியத் தகுதித் தேர்விற் சித்தியடைந்தார். ஆய்வாளராவதற்குத் தமக்குப் போதிய திறமையில்லை என்றே அக்காலத்தில் அவர் எண்ணியிருந்தார். ஹைடல்பேர்க்கிலும் பின்னர் வேறிடங்களிலும் கற்பித்தார். யூதர் மீதான வெறுப்பு ஆசிரியர் அறைகளிலும் வகுப்புகளிலும் ஹிட்லரின் வருகைக்கு முன்னரே புகுந்திருந்தது. அதனை அவர் நேரிலே சந்தித்தார்.

1928இல் குடும்பச் சொத்தொன்று கைக்கு வந்தபோது, அதனைக்கொண்டு கைசர் வில்ஹெல்ம் நிறுவகத்தில் ஒட்டோ மாங்கோல்ட் என்பாரின் கீழ் கலாநிதிப் பட்டத்துக்கான ஆய்வைத் தொடங்கினார். ஆய்வின் திசையை மாற்றலாமா என அவர் கேட்டபோது, மாணவியின் கருத்துக்கு இடமில்லை, சொன்னதைச் செய்வதே கடமை என்ற தோரணையில் மாங்கோல்டிடமிருந்து மறுமொழி வந்தது. அம்மையார் ஆய்வைக் கைவிட்டு வெளியேறினார். பின்னர் மாங்கோல்ட் நாசிக் கட்சியிற் சேர்ந்தார். அம்மையார் மறுபடியும் பேர்லின் பாடசாலைகளில் ஆசிரியையானார். வயது முப்பதைத் தாண்டியிருந்தது. பட்டம் முடியவில்லை. பணம் தீர்ந்துவிட்டது.

1933

1933 ஜனவரியில் ஹிட்லர் ஆட்சிபீடமேறினார். அடுத்த மாதமே, ஜேனாவிலிருந்த பெலிக்ஸ் அவுவர்பாக்கும் மனைவி அன்னாவும் தங்கள் உயிரைத் தாங்களே மாய்த்துக்கொண்டனர். ஏப்ரல் 7இல் அரச சேவையை மீளமைக்கும் சட்டம் என்ற பெயரில் வந்த சட்டம் யூதர்களை அரச பதவிகளிலிருந்து நீக்கியது. ஆசிரியர், நீதிபதி, பேராசிரியர் என்ற பேதமின்றி ஆயிரக்கணக்கானோர் ஓரிரவில் வேலையிழந்தனர். சார்லொட்டேயும் அவருள் ஒருவர்.

பத்திரிகையைக் கையிலெடுத்து இதனை வாசிப்போரிற் பலருக்கு இந்நிலை புதியதன்று. ஐம்பது ஆண்டுகள் கழித்து 1983இல் கொழும்பில் வீடும் வேலையும் ஒரு கிழமைக்குள் சாம்பராகக் கண்டவர்கள் நம்மிடையே உளர். எப்போது புறப்படுவது, எதை எடுத்துச் செல்வது, முதியோரை என்செய்வது என்ற கேள்விகள் எக்காலத்தும் ஒன்றே.

சார்லொட்டேயின் தாயார் அவரை உடனே புறப்படச் சொன்னார். குடும்ப நண்பரான இரசாயனவியலாளர் ஒருவரின் உதவியால் ஸ்கொட்லாந்தின் எடின்பரோ நகருக்குச் செல்ல வழி பிறந்தது. அங்கே விலங்குப் பிறப்புரிமையியல் நிறுவகத்தை நடத்திவந்தவர் பிரான்சிஸ் குரூ. 34 வயதிலே, இன்னொரு மொழியில், மீண்டும் ஒரு மாணவியாக அமர்ந்தார் சார்லொட்டே. இரண்டே ஆண்டுகளில், 1935இல், பழ ஈயின் கால்களின் விருத்தி பற்றிய ஆய்வுக்குக் கலாநிதிப் பட்டம் பெற்றார்.

பட்டம் கிடைத்தும் நிலையான பதவி கிடைக்கவில்லை. சொற்ப கூலிக்கு உதவியாளராக நிறுவகத்திலேயே காலங்கழித்தார். ஆயினும் அக்காலத்து எடின்பரோ அகதி அறிஞர்களின் ஊராக மாறிக்கொண்டிருந்தது. கெட்டிங்கன் பல்கலைக்கழகத்திலிருந்து நீக்கப்பட்ட பௌதிகவியல் மேதை மக்ஸ் போர்ன், பெங்களூரிற் சில மாதங்கள் சர் சி. வி. இராமனின் அழைப்பில் தங்கியிருந்துவிட்டு, 1936இல் அங்கே பேராசிரியரானார். 1937இல் ஹேர்மன் முல்லர் வந்து சேர்ந்தார்.

முல்லர் தந்த வினா

முல்லர் அமெரிக்கர். பழ ஈக்களின் மீது ஊடுகதிர்களைப் பாய்ச்சினால் அவற்றின் சந்ததியில் விகாரங்கள் பன்மடங்காகப் பெருகுகின்றன என்று 1927இல் காட்டியவர். பேர்லின், சோவியத் ஒன்றியம், ஸ்பெயின் எனப் பல நாடுகளைச் சுற்றிய பின் எடின்பரோவை அடைந்தார். குரூ சார்லொட்டேயிடம் முல்லருக்கு உதவியாகக் கலங்களை ஆராயும் வேலையொன்றை ஒப்படைக்க முயன்றபோது, அதில் நாட்டமில்லை என்று அவர் மறுத்துவிட்டார். விருப்பமில்லாத வேலையை எவரும் செய்யவேண்டியதில்லை என்று முல்லரும் ஒத்துக்கொண்டார். மாங்கோல்டின் ஆய்வுகூடத்துக்கும் இதற்கும் இருந்த வேறுபாடு அதுவே. பின்னர், பரம்பரை அலகு என்பது யாது, அது எவ்வாறு தொழிற்படுகிறது என்று அறிய விரும்பினால் அது மாறும் விதத்தை ஆராயவேண்டும் என முல்லர் எடுத்துச் சொல்ல, சார்லொட்டே விகாரங்களின் ஆய்வில் இறங்கினார்.

விகாரம் என்பது என்ன? நிறமூர்த்தம் தன்னைப் படியெடுக்கும்போதோ வேறு காரணத்தாலோ ஓர் அலகில் ஏற்படும் மாற்றமே விகாரம். பழைய ஏட்டுச் சுவடியைப் பெயர்த்தெழுதும்போது நேரும் பிழையை ஒப்பாகச் சொல்லலாம். ஓர் எழுத்துப் பிழைத்தாலும் அடுத்துப் படியெடுப்பவர் பிழையோடுதான் எழுதுவார். அவற்றுட் பல தீங்கானவை, சில எவ்விளைவும் அற்றவை, மிகச் சில நன்மை தருபவை. அந்த மிகச் சிலவற்றையும் சேர்த்தே இயற்கைத் தேர்வு வேலை செய்கிறது.

1939 ஓகஸ்டில் எடின்பரோவில் ஏழாவது சர்வதேசப் பிறப்புரிமையியல் மாநாடு கூடியது. தலைமை தாங்கவேண்டிய ருசிய அறிஞர் வவிலோவ் வர அனுமதிக்கப்படவில்லை. பின்னர் சிறையிலே 1943இல் அவர் மாண்டார். மாநாடு நடந்துகொண்டிருக்கையிலேயே போர் மேகம் சூழ, பிரதிநிதிகள் அவசர அவசரமாக நாடு திரும்பினர். கோயம்புத்தூர்க் கரும்பு ஆராய்ச்சி நிலையத்திலிருந்து அங்கு சென்றிருந்த ஈ. கே. ஜானகி அம்மாள் போர் மூண்டமையால் இங்கிலாந்திலேயே தங்கிவிட்டதும் அம்மாநாட்டின் கதையில் ஒரு பகுதி. சார்லொட்டேக்கு அவ்வாண்டில் இரு நற்பேறுகள் வாய்த்தன. பிரித்தானியக் குடியுரிமை கிடைத்தது. அதனால் எதிரி நாட்டார் எனத் தடுப்பு முகாமுக்குச் செல்லநேரவில்லை. தாயாரும் போர் மூளுமுன் ஜேர்மனியை விட்டு வந்து சேர்ந்தார்.

ஆண் ஈக்கள் இல்லாத போத்தல்

போர்க்காலத்தில் நஞ்சு வாயுத் தாக்குதலை எதிர்பார்த்து ஆய்வுகள் நடந்தன. கடுகு வாயு என்பது கடுகிலிருந்து பெறப்படுவதன்று. அதன் மணத்தால் அப்பெயர் ஏற்பட்டது. 1917 ஜூலையில் பெல்ஜியத்தின் ஈப்பர் நகரருகே ஜேர்மன் படைகள் முதன்முதலில் அதனைப் பயன்படுத்தின. தோலிலும் கண்ணிலும் சுவாசப்பையிலும் அது விளைக்கும் புண்கள் எளிதில் ஆறுவதில்லை. ஊடுகதிர்ப் புண்களும் அவ்வாறே ஆறாதவை. இவ்வொற்றுமையை எடின்பரோ மருந்தியற் பேராசிரியர் ஏ. ஜே. கிளார்க் கவனித்தார். ஊடுகதிர் விகாரங்களை உண்டாக்குமாயின் கடுகு வாயுவும் உண்டாக்குமோ? கிளார்க்கின் துறையைச் சேர்ந்த ஜே. எம். றொப்சனும் சார்லொட்டேயும் 1940இன் இறுதியில் இவ்வினாவைச் சோதிக்கத் தொடங்கினர்.

மருந்தியற் துறைக் கட்டடத்தின் கூரைமேல் வாயுவுக்குப் பழ ஈக்களை உட்படுத்தினர். பாதுகாப்பு வசதிகள் மிகக் குறைவு. ஈக்களை எடுக்கும்போது அம்மையாரின் கைகள் வெந்து புண்ணாயின. இனி அவ்வாயுவின் அருகே போகக்கூடாது என்று மருத்துவர் எச்சரிக்குமளவுக்கு நிலைமை சென்றது.

சோதனை எவ்வாறு நடந்தது என்பதை மாணவர்கள் அறிந்துகொள்ளல் நன்று. ஏனெனில் தலைமுறையுரிமையின் அடிப்படை முழுவதும் அதிலே அடங்கியுள்ளது. மனிதரைப் போலவே பழ ஈயிலும் பெண்ணுக்கு இரண்டு எக்ஸ் நிறமூர்த்தங்கள், ஆணுக்கு ஓர் எக்ஸ், ஒரு வை. தாய் எப்பிள்ளைக்கும் எக்ஸ் ஒன்றையே கொடுப்பாள். தந்தை மகளுக்கு எக்ஸையும் மகனுக்கு வையையும் கொடுப்பான். ஆகவே ஒருவனுடைய எக்ஸ் அவனுடைய மகள்களுக்கு மட்டுமே செல்லும். மகன் தன் எக்ஸைத் தாயிடமிருந்தே பெறுவான்.

வாயுவுக்கு உட்பட்ட ஆண் ஈயின் எக்ஸில், உயிரைக் கொல்லும் பின்னிடைவான விகாரம் ஒன்று உண்டாகியிருக்கிறது என்று கொள்வோம். அவன் மகளுக்கு அது செல்லும். அவளுக்கு இன்னோர் எக்ஸில் நல்ல படியொன்று இருப்பதால் அவள் நலமாக வாழ்வாள். ஆனால் அவளுடைய ஆண் பிள்ளைகளில் அந்த எக்ஸைப் பெறுபவற்றுக்கு மறைத்துக் காக்க வேறு படி இல்லை. அவை முட்டையிலோ புழுப்பருவத்திலோ இறந்துபோகும். மகளின் மற்றைய எக்ஸாக, ஆணைக் கொல்லும் அலகொன்றை ஏற்கனவே கொண்ட தனிவகை எக்ஸ் அமையுமாறு முல்லர் ஏற்பாடு செய்திருந்தார். அதனால் விகாரமில்லாத குடும்பத்தின் போத்தலில் ஆண் ஈக்கள் பறக்கும். விகாரமுள்ள குடும்பத்தின் போத்தலில் ஓர் ஆணும் இராது. ஆய்வாளர் போத்தல்களைப் பார்த்து எண்ணினாலே போதும். இயல்பாக ஆயிரத்துக்கு ஒன்றிரண்டு என்ற அளவிற் காணப்படும் இவ்வகை விகாரங்கள், கடுகு வாயுபட்ட ஈக்களின் பேரப்பிள்ளைகளிற் பன்மடங்காகக் காணப்பட்டன. 1941ஆம் ஆண்டு நடுப்பகுதியில் ஐயம் நீங்கியது. அமெரிக்கா திரும்பியிருந்த முல்லர் செய்தியறிந்ததும் தந்தியில் வாழ்த்து அனுப்பினார்.

ஆயினும் உலகுக்கு அதனைச் சொல்ல முடியவில்லை. போர் இரகசியமாகையால் வாயுவின் பெயரைக்கூட வெளியிடத் தடையிருந்தது. 1946இல் ஒரு சிறு குறிப்பும் அடுத்த ஆண்டில் விரிவான கட்டுரையும் வெளிவந்தன. அதே 1946இல் மொஸ்கோவில் யோசிப் றபபோர்ட் என்பாரும் வேறு இரசாயனங்களைக் கொண்டு இதே முடிவைத் தனித்து எட்டியிருந்தமை தெரியவந்தது. கிளார்க் 1941இலேயே காலமாகிவிட்டார்.

அலகு டீ.என்.ஏ. என்னும் பொருளால் ஆனது என்பது எடின்பரோவில் அச்சோதனை தொடங்கியபோது எவர்க்கும் தெளிவாகத் தெரியாது. அப்பொருளின் அமைப்பு 1953இலேயே தெரியவந்தது. அலகு இரசாயனத்தால் மாறுகிறது என்றால் அலகும் இரசாயனப் பொருளே என்ற எண்ணத்துக்கு இவ்வாய்வு வலுவூட்டியது. கடுகு வாயுவால் வரும் விகாரம் சிலவேளை உடனே தோன்றாமற் சில கலப்பிரிவுகளின் பின்னரே வெளிப்படுவதையும், அதனால் ஒரே ஈயின் உடலில் ஒரு பகுதி மாத்திரம் மாறியிருப்பதையும் அம்மையார் கண்டார். இன்று ஒரு புதிய மருந்து சந்தைக்கு வருமுன் அது விகாரங்களை உண்டாக்குமா என்று சோதிப்பது கட்டாயம். அச்சோதனைகளின் வேர் எடின்பரோக் கூரைமேல் உள்ளது.

இரத்தம் என்னும் மயக்கம்

அவர் பிறந்த நாட்டிலோ அதே விஞ்ஞானத்தின் பெயரால் வேறொன்று நடந்துகொண்டிருந்தது. 1933 ஜூலையில் இயற்றப்பட்ட சட்டமொன்று, பரம்பரை நோயாளர் எனக் குறிக்கப்பட்டோரைக் கட்டாயமாக மலடாக்க வழிசெய்தது. ஏறத்தாழ நான்கு இலட்சம் பேர் அதற்கு இரையாயினர். 1935இன் நூரென்பேர்க் சட்டங்கள் இரத்தத்தின் தூய்மையைக் காப்பதாகச் சொல்லிக்கொண்டன. ஆனால் எவர் யூதர் என்று தீர்மானிக்க அச்சட்டத்தாரிடம் எந்த இரத்தச் சோதனையும் இருக்கவில்லை. அப்படியொரு சோதனை இருக்கவும் முடியாது. பாட்டன் பாட்டியர் எந்தச் சமயச் சபையிற் பதிவாகியிருந்தனர் என்பதைப் பழைய பதிவேடுகளிற் பார்த்தே முடிவுசெய்தனர். விஞ்ஞானம் என்று சொல்லப்பட்டதன் அடியில் இருந்தது பதிவேடு மாத்திரமே.

தலைமுறையுரிமை இரத்தத்தில் ஓடுவதில்லை. தாயின் இரத்தமும் கருவிலிருக்கும் சிசுவின் இரத்தமும் பொதுவாகக் கலப்பதுமில்லை. செல்வது அலகுகளே. அவையும் முழுத் தொகுதியாகச் செல்வதில்லை. பெற்றோர் ஒவ்வொருவரிடமிருந்தும் பாதி, அதுவும் ஒவ்வொரு பிள்ளைக்கும் வெவ்வேறு பாதி. அதனாலேயே ஒரே வீட்டுச் சகோதரர் ஒருவரையொருவர் ஒப்பதில்லை. மொழி, சமயம், தொழில், ஒழுக்கம் என்பவற்றை எந்த அலகும் சுமந்து செல்வதில்லை. அவற்றைப் பிள்ளை கேட்டும் கண்டும் பழகியுமே பெறுகிறது. அவுவர்பாக் குடும்பத்தார் தம் மகளுக்குக் கொடுத்த பெருஞ்செல்வம் வீட்டிலிருந்த நூல்களும் உரையாடலுமாக இருந்திருக்க வேண்டும்.

இவ்வறிவு நம் வீடுகளிலும் சில தவறான எண்ணங்களை அகற்றவல்லது. பெண் பிள்ளைகளையே பெற்றாள் என்று மருமகளைக் குறைசொல்லும் மாமிமார் இன்னும் இருக்கின்றனர். பிள்ளை ஆணா பெண்ணா என்பதைத் தீர்ப்பது தந்தையின் விந்திலுள்ள எக்ஸ் அல்லது வை. தாயிடம் எக்ஸ் மாத்திரமே உண்டு. நிறக்குருடு பெரும்பாலும் ஆண்களுக்கு வருவதும், அதன் அலகு நிறம் நன்கறிந்த தாய்மூலமே மகனை அடைவதும், ஆண் ஈக்கள் இல்லாத போத்தலின் அதே கணக்கே.

மச்சான் மச்சாள் திருமணம் நம் வழக்கம். உடன்பிறந்தாரின் பிள்ளைகளான இருவர் சராசரியாகத் தம் அலகுகளில் எட்டிலொரு பங்கைப் பொதுவாகக் கொண்டவர். நோய் விளைக்கும் பின்னிடைவான அலகொன்று பாட்டனிடம் ஒளிந்திருந்தால், அது இருவரிடமும் இருக்க இடமுண்டு. இருவரிடமும் இருந்தால் பிறக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் நோய் வரும் வாய்ப்பு நான்கிலொன்று. முதற் பிள்ளைக்கு வந்துவிட்டதால் அடுத்த மூவரும் தப்பிவிடுவர் என்று நினைப்பது தவறு. ஒவ்வொரு பிறப்பிலும் கணக்குப் புதிதாகத் தொடங்குகிறது. இத்தகைய திருமணங்களிற் பெரும்பாலானவற்றிற் பிள்ளைகள் நலமாகவே பிறக்கின்றன. எனினும் குடும்பத்தில் அத்தகைய நோய் முன்பு கண்டிருந்தால் மருத்துவரிடம் முன்னதாகவே ஆலோசனை பெறுவதில் வெட்கப்பட ஏதுமில்லை.

1913ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி இந்நாட்டுக் குடியுரிமை நெடுங்காலம் வம்சாவழியை வைத்தே வழங்கப்பட்டுவந்தது. 2000ஆம் ஆண்டு முதலே, பெற்றோர் குறிப்பிட்ட ஆண்டுகள் சட்டப்படி வாழ்ந்திருப்பின், இங்கு பிறக்கும் பிள்ளைக்கும் அது உரியதாயிற்று. மறுபுறம், குடும்ப இணைவு விண்ணப்பங்களிற் பத்திரங்கள் இல்லாதவிடத்து, உறவை நிறுவ மரபணுச் சோதனை வழியாகிறது. பிள்ளையின் அலகுகளிற் பாதி தாயினது, பாதி தந்தையினது என்ற விதியே அச்சோதனையின் அடிப்படை. பெற்ற பிள்ளையை அது காட்டித்தரும். பெற்றோரை இழந்து அயல்வீட்டார் எடுத்து வளர்த்த பிள்ளையை அது அறியாது.

வளர்த்த பிள்ளைகள்

அவுவர்பாக் அம்மையார் மணம் புரியவில்லை. ஆயினும் அவர் வீட்டிற் பிள்ளைகள் இருந்தனர். முதுமையடைந்த தாயாருக்குத் துணையாக வந்த ஜேர்மன் மொழி பேசும் பெண்ணொருத்தியின் மகனைத் தம் மகனாகவே வளர்த்தார். பின்னர்ச் சிசிலித் தீவின் வறிய குடும்பத்துச் சிறுவன் ஒருவனையும் பொறுப்பேற்றார். பரம்பரை அலகுகளைப் பற்றி அக்காலத்தில் எவர்க்கும் குறையாது அறிந்திருந்த ஒருவர், தம் அலகு ஒன்றும் இல்லாத இரு பிள்ளைகளுக்குத் தாயானார்.

1947இல் எடின்பரோ அரச கழகத்தின் கீத் பரிசும், விரிவுரையாளர் பதவியும் கிடைத்தன. அப்போது அவருக்கு வயது 48. 1957இல் இலண்டன் அரச கழகத்தின் அங்கத்தவரானார். 1967இற் பேராசிரியர் ஆனார். 1976இல் டார்வின் பதக்கம் பெற்றார். அணுவாயுதங்களுக்கு எதிரான இயக்கத்தில் நின்றார், தென்னாபிரிக்க நிறவெறியைக் கண்டித்தார். கதிர்வீச்சால் வரும் விகாரங்களைப் பொதுமக்கள் புரிந்துகொள்ளுமாறு 1956இல் ஒரு நூல் எழுதினார். 1965இல் அவர் எழுதியது, நமக்கும் நன்கு பழக்கமான சாதாரண தர மாணவர்களுக்கான தலைமுறையுரிமைப் பாடநூல். உலகப் புகழ் எய்திய பின்னும் பாடசாலை ஆசிரியை அவரை விட்டு நீங்கவில்லை. சிறுவர்க்கான கற்பனைக் கதையொன்றையும் புனைபெயரில் வெளியிட்டிருந்தார்.

1994 மார்ச் 17இல், 94ஆம் வயதில், எடின்பரோவிற் காலமானார். அவர் பணியாற்றிய பல்கலைக்கழக வளாகத்தில் இன்று ஒரு வீதி அவர் பெயரைத் தாங்குகிறது.

நம் பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளைகள் உயிரியற் பாடநூலில் இவ்வத்தியாயத்துக்கு வரும்போது, அதனோடு இப்பெண்மணியின் பெயரையும் சொல்லிக்கொடுங்கள். தமிழ் தானாகவே வந்துவிடும், நம் பிள்ளைதானே என்று இருந்துவிடாதீர்கள். அதற்கென ஓர் அலகு இல்லை. மாலையில் வேலை முடிந்து வந்தபின் அரை மணி நேரம் உடனிருந்து பேசினாற்றான் அது போய்ச் சேரும்.